“டாக்டரிடம் சொன்னால் குழந்தையை எடுத்துக்கொள்வார்களா?”

தன் தங்கைக்காக ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் நாட்டையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

“என் தங்கைக்கு இது ஐந்தாவது மாதம். மூத்த குழந்தைக்கு நான்கு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விபத்தில் முதுகில் அடிபட்டபோது ஓபியாய்டு வகை வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரையை விட முடியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதை நிறுத்தியதும் வெளியில் வாங்க ஆரம்பித்துவிட்டாள். கர்ப்பம் என்று தெரிந்ததும் குறைத்திருக்கிறாள், முழுதாக நிறுத்த முடியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும், அவள் கணவருக்குக்கூடத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சொன்னால் குழந்தைகள் நலத்துறைக்குத் தகவல் போய்விடும், குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தில் ஸ்கேனுக்குக்கூடப் போகாமல் இருக்கிறாள். நானே லீவு போட்டு, அவளை என் வீட்டில் வைத்துக்கொண்டு பத்து நாளில் நிறுத்த வைக்கலாமா? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகத்தானே அரசாங்கம் கடுமையாக இருக்கிறது? அது நியாயம்தானே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அவள் முகத்தைப் பார்த்தால் அப்படி நினைக்கவும் முடியவில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமில்லாத இரவுகள் என்று அந்தப் பத்து நாளில் உங்கள் தங்கையின் உடல் படும் பாடு ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து பதினோராவது நாளுக்குப் பிறகு வருகிறது. இப்படித் திடீரென்று நிறுத்துபவர்களில் பெரும்பாலானோர் மறுபடியும் எடுக்கிறார்கள். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளை அந்த மருந்துக்குப் பழகிக் கிடக்கிறது. ஆனால் அந்தப் பத்து நாள் இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். முன்பு எடுத்துக்கொண்டிருந்த அதே அளவை எடுத்தால்கூட மூச்சு நின்றுபோகலாம். தாயின் மூச்சு நின்றால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறு வழியில்லை.

இதற்குச் சரியான சிகிச்சை இருக்கிறது. மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் என்ற மருந்தை, மருத்துவர் கண்காணிப்பில், உடம்புக்கு ஏற்ற அளவில் தினமும் கொடுப்பார்கள். உடம்பின் தவிப்பு அடங்கும். வெளியில் மாத்திரை தேடி அலைய வேண்டியிருக்காது. உடம்பில் மருந்து திடீர் திடீரென்று ஏறி இறங்காததால் குழந்தைக்கும் அது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஓபியாய்டுக்குப் பழகிய கர்ப்பிணிகள் முழுதாக நிறுத்த முயல்வதைவிட இந்தச் சிகிச்சையில் தொடர்வதே மேல் என்கிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். தெருவில் கிடைக்கும் மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதில் மருந்து என்ன, அளவு என்ன, அடுத்த பரிசோதனை எப்போது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் தாய்மார்கள் பிழைக்கிறார்கள்.

ஒரு கேள்வி மட்டும் நீங்கள் இன்றே அவளிடம் கேட்க வேண்டும்: தூக்க மாத்திரையோ மதுவோ கூடச் சேர்கிறதா? சேர்கிறது என்றால் மருத்துவமனைக்குப் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நெடுநாள் தினமும் எடுத்துக்கொண்டிருந்த தூக்க மாத்திரையையோ மதுவையோ திடீரென்று விட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு. ஓபியாய்டோடு சேர்த்து எடுத்தால் மூச்சு அடங்கும் ஆபத்து இன்னும் கூடும்.

சரி, குழந்தையை எடுத்துக்கொள்வார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். அது வீண் பயம் என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். சில இடங்களில் அது நடந்திருக்கிறது, நடக்கிறது. ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு அவ்வளவு மாறுகிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. யாரோ சொன்னதை வைத்து முடிவெடுத்தால் தவறாகத்தான் போகும்.

அமெரிக்காவின் அலபாமாவில், போதைப்பொருள் தயாரிக்கும் இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதைத் தடுக்க 2006-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அதில் உள்ள ‘குழந்தை’ என்ற சொல் கருவையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. கர்ப்பிணிகள் மேல் வழக்குப் போட அது வழியாயிற்று. அதே நாட்டின் மத்திய சட்டத்தில் 2003-இல் வந்த திருத்தம், தாய் எடுத்த போதைப்பொருளால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தையைப் பற்றி மருத்துவமனை நலத்துறைக்குத் தெரிவிக்க மாநிலங்கள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. அப்படித் தெரிவிப்பதாலேயே அது குழந்தை வதை ஆகிவிடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2016-இல் வந்த திருத்தம், குழந்தைக்கான பாதுகாப்புத் திட்டத்தில் தாய்க்கும் குடும்பத்துக்கும் வேண்டிய சிகிச்சையும் சேர வேண்டும் என்றது. ஆக, தகவல் போவது ஒன்று, விசாரணை இன்னொன்று, குழந்தையைப் பிரிப்பது மூன்றாவது. உங்கள் தங்கையின் மனதில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. எந்த நாட்டில் இருந்தாலும் இவற்றைப் பிரித்துப் பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

கனடாவில் 1997-இல் உச்ச நீதிமன்றம், கர்ப்பிணியை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைத்துச் சிகிச்சை கொடுக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. பிரிட்டனில் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கர்ப்ப காலத்தில் மது குடித்த தாய் குற்றம் செய்தவர் ஆகமாட்டார் என்று சொன்னது. ஆனால் அங்கே குழந்தை பிறக்கும் முன்பே சமூகப் பணியாளர்கள் குடும்பத்தை மதிப்பிடும் நடைமுறை உண்டு. நார்வேயில் 1996 முதலே கர்ப்பிணியைக் கட்டாயமாகச் சிகிச்சை நிலையத்தில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது தண்டனை இல்லை, சிகிச்சைதான். ஆனாலும் அந்தப் பெண் தன் விருப்பப்படி வெளியேற முடியாது.

இனி, நீங்கள் மனம் அரிக்கிறது என்று எழுதிய கேள்வி. பிள்ளைக்காகத்தானே கடுமை என்று நினைத்ததற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. குழந்தையைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அந்த நினைப்பு வருகிறது, எனக்கும் அந்த எண்ணம் உண்டு. பிறந்த குழந்தை பாதுகாப்பில்லாத வீட்டில் கிடந்தால் அரசு தலையிட்டே ஆக வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கர்ப்பிணியைப் பயமுறுத்தும் சட்டத்தால் குழந்தை காப்பாற்றப்படுகிறதா என்று பார்த்தால், கிடைக்கும் சான்றுகள் எதிர்ப்பக்கம்தான் சாய்கின்றன.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2014-இல் ஒரு சட்டம் வந்தது. போதைப்பொருளின் பாதிப்போடு குழந்தை பிறந்தால் தாய் மேல் வழக்குப் போடலாம் என்றது. சிகிச்சையில் சேர்ந்து முடித்தால் வழக்கிலிருந்து தப்பலாம் என்று ஒரு விதியும் அதில் இருந்தது. பெண்கள் சிகிச்சைக்கு ஓடி வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது என்ன? பிடிபடுவோம் என்ற பயத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வருவதையே தவிர்த்தார்கள், மாநிலத்துக்கு வெளியே போய்ப் பிரசவம் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. சேரலாம் என்று வந்தவர்களுக்கோ, கர்ப்பிணியைச் சேர்த்துக்கொள்ளும் சிகிச்சை மையங்களில் போதிய இடம் இல்லை. 2016-இல் அந்தச் சட்டம் காலாவதியானபோது மாநிலம் அதை நீட்டிக்கவில்லை.

இது ஒரு மாநிலத்தின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். எட்டு அமெரிக்க மாநிலங்களில் 2003 முதல் 2014 வரை நடந்த 45 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. கர்ப்ப காலப் போதைப்பொருள் பயன்பாட்டைக் குற்றமாகவோ குழந்தை வதையாகவோ பார்க்கும் சட்டங்கள் இருந்த இடங்களில், ஓபியாய்டு பாதிப்போடு பிறக்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை, கூடுதலாகத்தான் இருந்தது. சட்டம்தான் நேரடிக் காரணம் என்று ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டங்கள் எதற்காகக் கொண்டுவரப்பட்டனவோ அது நடந்ததாக அதில் தெரியவில்லை.

இன்னும் ஒன்று எனக்கு மிகவும் வலிப்பது. இந்தச் சட்டங்கள் எல்லோர் வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டுவதில்லை. ஃபுளோரிடாவின் பினெலஸ் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 1990-இல் வெளியானது. கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்ததில் வெள்ளையினப் பெண்களிடமும் கறுப்பினப் பெண்களிடமும் போதைப்பொருள் பயன்பாடு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் அரசுக்குத் தகவல் கொடுக்கப்பட்டதில் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. யாரைச் சந்தேகிப்பது, யாருக்குச் சோதனை போடுவது என்பதில் மனிதர்களின் பார்வை கலந்துவிடுகிறது. ஏழைகளும் குடியேறி வந்தவர்களும் மொழி சரியாகப் பேச வராதவர்களும்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பீதியும் இதோடு சேர்ந்தது. 1980-களின் பிற்பகுதியில், கொக்கெய்ன் எடுத்த தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் ஒரு தலைமுறையே மூளை வளர்ச்சி இல்லாமல் போகும் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. கடுமையான சட்டங்கள் பலவும் அந்தச் சூட்டில் வந்தவை. பிலடெல்ஃபியாவில் ஹல்லம் ஹர்ட் என்ற மருத்துவர், 1989-இல் தொடங்கி அப்படிப்பட்ட குழந்தைகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். அதே ஏழ்மையில், கொக்கெய்ன் தொடர்பு இல்லாமல் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பக்கக் குழந்தைகளையும் பின்னுக்கு இழுத்தது வறுமைதான் என்றே அவர் கண்டார். கொக்கெய்னால் கேடில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. குறைப்பிரசவத்துக்கும் நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதற்கும் அது காரணமாகலாம். மறுபுறம், சட்டப்படி கடையில் கிடைக்கும் மது, குழந்தையின் மூளையை வாழ்நாள் முழுவதற்கும் பாதிக்கக்கூடியது என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. எது அதிகக் கேடு என்பதும், எதற்குத் தண்டனை என்பதும் ஒரே வரிசையில் இல்லை.

குடும்பங்களை உடைக்கும் விஷயங்களில் வெளியில் அதிகம் பேசப்படாதது, நாள் கணக்கு. அமெரிக்காவின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒரு குழந்தை கடைசி 22 மாதங்களில் 15 மாதம் அரசுப் பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றோரின் உரிமையை முடித்துவைக்க மாநிலம் மனுப் போட வேண்டும் என்கிறது. சில விலக்குகள் உண்டு. குழந்தை வருடக்கணக்கில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்ததுதான். ஆனால் போதையிலிருந்து மீள்வது நேர்கோட்டில் நடப்பதில்லை. நடுவில் ஒருமுறை சறுக்குவார்கள், மறுபடி எழுவார்கள். சிகிச்சைக்கு இடம் கிடைக்கவே பல மாதங்கள் ஆகலாம். நீதிமன்றத்தின் காலண்டர் அதற்காகக் காத்திருப்பதில்லை. உள்நோயாளியாகச் சேரலாம் என்றால் மூத்த பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வி வரும். தாயையும் பிள்ளைகளையும் சேர்த்தே தங்கவைக்கும் மையங்கள் இருக்கின்றன, ஆனால் தேவைக்கு மிகக் குறைவு. அரசின் பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேலே விலக்குகள் உண்டு என்றேனே, அதில் ஒன்று உங்களைப் பற்றியது. குழந்தை உறவினரின் பொறுப்பில் இருந்தால் அந்த நாள் கணக்கைப் பயன்படுத்தாமல் விட அந்தச் சட்டம் இடம் தருகிறது. பல நாடுகளில் குழந்தையைப் பிரிக்க வேண்டி வந்தாலும் முதலில் சொந்தத்தில் யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே, பெரியம்மாவாகிய நீங்கள் இந்தக் குழந்தைக்கு வெறும் ஆறுதல் இல்லை. சட்டத்தின் கண்ணிலும் ஒரு வழி.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

மருத்துவமனைக்குப் போகும் முன் இலவசச் சட்ட உதவி மையத்துக்கோ குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞருக்கோ பேசுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. உங்கள் பகுதியில் கர்ப்ப காலத்தில் மருத்துவர் யாருக்காவது தகவல் கொடுக்கக் கட்டாயம் உண்டா, பிறந்த பிறகா, மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சையில் இருப்பவருக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். மருத்துவமனையிலும் இதையே முதலில் கேட்கலாம்: “நான் சொல்வதில் எது இந்த அறைக்குள் இருக்கும், எதை நீங்கள் வெளியே சொல்லியாக வேண்டும்?” நல்ல மருத்துவர் இதற்கு நேராகப் பதில் சொல்வார், கோபப்பட மாட்டார். ஆனால் இந்த விசாரிப்பெல்லாம் இரண்டு மூன்று நாளுக்குள் முடிய வேண்டும். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

பயம் நியாயமானது என்று இவ்வளவு எழுதிவிட்டு ஏன் போகச் சொல்கிறேன்? ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே குழந்தையின் நடுக்கமும் அழுகையும் அவளுக்கு முன்னால் பேசிவிடும். அப்போது கோப்பில் இருப்பது, பரிசோதனைக்கு வராத ஒரு தாய், ஒரு சோதனை முடிவு, இவ்வளவுதான். இப்போதே போனால் நான்கு மாதச் சிகிச்சையும் தவறாமல் வந்த தேதிகளும் மருத்துவரின் கடிதமும் அதே கோப்பில் இருக்கும். சமூகப் பணியாளர் முடிவெடுக்கும்போது கையில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். எனவே எல்லாத் தாள்களுக்கும் நகல் வாங்கி ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். குழந்தை பிறந்த பிறகு யார் எப்படிக் கவனிப்பது என்ற திட்டத்தை இப்போதே மருத்துவக் குழுவோடு சேர்ந்து எழுதிவிடுங்கள், அதில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

சோதனை என்று வந்தால், எதற்காக, முடிவு யாருக்குப் போகும் என்று கேட்டுவிட்டுச் சம்மதம் கொடுக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் எடுத்த கர்ப்பிணிகளின் சிறுநீர்ச் சோதனையை அவர்கள் சம்மதமில்லாமல் போலீஸுக்குக் கொடுத்த வழக்கில், அது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. அப்புறம், முதல்கட்டச் சிறுநீர்ச் சோதனை தவறலாம். சில சாதாரண மருந்துகள்கூட அதில் போதைப்பொருள் போலக் காட்டும். முடிவில் சந்தேகம் இருந்தால் உறுதிப்படுத்தும் சோதனையைக் கேட்கச் சொல்லுங்கள். பேப்பரில் எதிலாவது கையெழுத்துக் கேட்டால், வழக்கறிஞர் பார்த்த பிறகே போட வேண்டும்.

கணவருக்குச் சொல்ல வேண்டுமா? சொல்வது நல்லது என்பது என் எண்ணம், ஆனால் சொல்ல வேண்டியது உங்கள் தங்கை, நீங்கள் இல்லை. அவர் அடிப்பவரா, மிரட்டுபவரா என்று மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் அதுதான். இல்லையென்றால் முதல் பரிசோதனை முடிந்து, சிகிச்சை தொடங்கிவிட்டது என்று சொல்லும் நிலையில் அவரிடம் பேசுவது எளிதாக இருக்கும்.

குழந்தை எப்படிப் பிறக்கும் என்ற பயம் அவளுக்கு இருக்கும், கேட்க வாய் வராது. சிகிச்சையில் இருந்தாலும் பிறந்த முதல் சில நாட்களில் குழந்தைக்கு நடுக்கம், விடாத அழுகை, பால் குடிப்பதில் சிரமம் வரலாம். இந்த அறிகுறிகள் வருகின்றனவா என்று நான்கு முதல் ஏழு நாள் வரை மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பார்கள், வந்தால் இன்னும் சில நாள் கூடலாம். இது சிகிச்சையில் தீரக்கூடியது. தாய் பக்கத்திலேயே இருந்து மார்போடு அணைத்து வைத்துக்கொள்வதும், வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறையும் சிகிச்சையின் பெரும்பகுதி. குழந்தை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, சமாதானம் ஆகிறதா என்பதை மட்டும் அளவுகோலாக வைக்கும் முறையை 26 அமெரிக்க மருத்துவமனைகளில் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நிலைக்குக் குழந்தை வர, வழக்கமான முறையில் சராசரியாக 14.9 நாள் ஆனது, இந்த முறையில் 8.2 நாளாகக் குறைந்தது. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதைச் சர்வசாதாரணமாக நினைக்கும் அதிகாரிகள் இதைப் படிக்க வேண்டும். மெத்தடோனிலோ புப்ரெனார்ஃபினிலோ நிலையாக இருந்து, வேறு போதைப்பொருளோ பாலைத் தடுக்கும் வேறு நோயோ இல்லையென்றால் தாய்ப்பாலும் கொடுக்கலாம். கொடுக்கச் சொல்லி ஊக்குவிப்பதுதான் இப்போதைய மருத்துவ நடைமுறை.

பிரசவத்தோடு உங்கள் காவல் முடிந்துவிடாது. மீண்டும் பழைய மாத்திரைக்குப் போகும் ஆபத்தும், அளவு மீறி உயிர் போகும் ஆபத்தும் குழந்தை பிறந்த அடுத்த ஒரு வருடத்தில்தான் கூடுகின்றன. எல்லோர் கவனமும் குழந்தை மேல் போயிருக்கும், தாய்க்குத் தூக்கம் இருக்காது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் சேரும். சிகிச்சையை அந்த நேரத்தில் நிறுத்தச் சொல்லி உறவினர்கள் நெருக்கினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள்.

ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் நலோக்சோன் என்ற மூக்கில் அடிக்கும் மருந்து கிடைக்கும் இடமென்றால் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள், எப்படிப் பயன்படுத்துவது என்று மருந்தகத்திலேயே காட்டித் தருவார்கள். எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ, மூச்சு மிக மெதுவாகப் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கர்ப்பிணிக்கும் அதைக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இரத்தப்போக்கு, கடும் வயிற்று வலி, வலிப்பு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் வழக்கறிஞரின் பதிலுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அவள் என்ன எடுத்தாள், எப்போது எடுத்தாள் என்பதை அங்கே இருக்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.